முன்னால் கோடு, பின்னால் பட்டன்

1

பஹ்ரைனுக்கு வந்தபிறகு எங்கள் கல்யாண நாள் எப்போதும் ஒரே மாதிரிதான் கழியும். அவர் மறந்துவிடுவார், நான் ஞாபகப்படுத்துவேன், மூன்று பேரும் கடைத்தெருவிலிருக்கும் மலையாளி ஓட்டலுக்குப் போய் பரோட்டா சாப்பிட்டுவிட்டு வருவோம். இந்த வருஷம் அவர் மறக்கவில்லை. அதுதான் வினை.

கல்யாண நாளுக்குச் சில வாரம் முன்பே, வேலை முடிந்து வரும்போது கம்பெனி லாரியின் முதுகில் ஒரு மோட்டார் சைக்கிளை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். கூட வேலை பார்த்த வெள்ளைக்காரர் ஒருவர் நாட்டுக்குத் திரும்பிப் போகிறாராம். போகிற அவசரத்தில் கொடுத்துவிட்டாராம்.

"ஏளா வடிவு, கீழ வந்து பாரு" என்று தெருவிலிருந்து கூப்பிட்டார்.

பார்த்தேன். பெட்ரோல் டாங்கில் பெயிண்ட் உரிந்திருந்தது. இருக்கை ஒட்டுப்போட்டது. இரண்டு டயர்களும் தேய்ந்து உள்ளங்கை மாதிரி வழவழவென்று இருந்தன.

"என்னத்துக்கு இது?"

"கல்யாண நாளு வெள்ளிக்கிழமைதான வருது. லீவுல தெக்க பாலைவனத்துக்குள்ள போவோம். பாதி வழி தாரு, பாதி வழி மணலு. டயரு மட்டும் மாத்தணும்."

எங்கள் மகள் கோமதிக்கு ஏழு வயது. நடக்கப் பழகிய ஊர் தூத்துக்குடி என்றாலும், பேசப் பழகியது இங்கேதான். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ், தெருவில் அரபி, மாடிப்படியில் கோவாக்காரப் பிள்ளைகளோடு ஏதோ ஒரு கலவை. தமிழ், என்னிடம் பசிக்கும்போது மட்டும். அவள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "டாடி, இதுக்கு ரெண்டு வீல்தான் இருக்கு. இது விழும். நான் வரமாட்டேன்" என்று இங்கிலீஷில் தீர்ப்புச் சொல்லிவிட்டு மேலே போய்விட்டாள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் டயர் கம்பெனியின் படப் புத்தகத்தைத் தரையில் விரித்து உட்கார்ந்தார். கோடு கோடாக ஓடும் டயர், கட்டம் கட்டமாக இருக்கும் டயர், வேர்க்கடலை உருண்டைகளை வரிசையாக ஒட்டிவைத்தது போன்ற டயர். ஒரு பக்கத்துக்கும் இன்னொரு பக்கத்துக்கும் போய்ப் போய் வந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ சொல்லு. முன்னால எது, பின்னால எது?"

"எனக்கு என்ன தெரியும்?"

"தெரியாமத்தான் அன்னைக்கு அண்ணாச்சி கடையில வச்சு என் மானத்தை வாங்குனியோ?"

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். ஊரில் இருக்கும் உங்களுக்கு அந்தக் கதையைச் சொல்லவேண்டும். எங்கள் கல்யாண வாழ்க்கையின் முதல் சண்டை ஒரு டயரால் வந்தது.

2

எழுபதுகளின் தொடக்கம். தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் அங்கே கிரேன் மெக்கானிக். நான் ஏரல்காரி; நெல்லும் வாழையும் போடுகிற வீடு. பெண் பார்க்க வந்த அன்றைக்கு அவர் முகத்தை நான் பார்த்தது, தட்டை நீட்டிய நேரம் மட்டும். கல்யாணத்தன்று பார்த்ததும் பெரும்பாலும் ஓமப்புகைதான்.

கல்யாணம் முடிந்ததும் எல்லோரும் எங்களை எங்கேயாவது அனுப்புவதில் மும்முரமாக இருந்தார்கள். என் சித்தப்பா கொடைக்கானல் என்றார். அவருடைய அக்கா குற்றாலம் என்றார். எங்களைத்தான் யாரும் கேட்கவில்லை. தூத்துக்குடி வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள், மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அவர் வந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"என்கிட்ட ஒரு வண்டி இருக்கு."

"பாத்தேன்."

"இங்கன இருந்து கரையை ஒட்டியே கன்னியாகுமரி வரைக்கும் போகணும்னு ரொம்ப நாளா ஆசை. தேரிக்குள்ள பூந்து, மணப்பாடு, உவரின்னு. ரோடு பாதிக்கு மேல இருக்காது. வருதியா?"

அதுவரை யாரும் என்னிடம் "வருதியா" என்று கேட்டதில்லை. "கிளம்பு" என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். நான் உடனே சரி என்று சொல்லிவிட்டேன். ரோடு இருக்காது என்ற பகுதி என் காதில் அரைகுறையாகத்தான் விழுந்தது.

திருச்செந்தூர் பக்கத்தில் தேரி என்று சொல்லும் செம்மணல் மேடுகளைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். பனைமரமும் முள்ளடர்ந்த உடைமரமும் அங்கங்கே நிற்க, கண்ணுக்கு எட்டிய தூரம் மிளகாய்ப்பொடியைக் கொட்டிவைத்தது மாதிரி சிவப்பு மணல். காற்றடித்தால் நேற்று இருந்த பாதை இன்று இருக்காது. அதற்குள் மோட்டார் சைக்கிளில், அதுவும் புதுப்பெண்ணோடு, என்றதும் வீட்டில் பெரிய கூப்பாடு. என் மாமியாரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். குரல் உயர்த்தாத மனுஷி. அவர் ஒரே ஒரு வழி கண்டுபிடித்தார். அவர்கள் குலதெய்வம் தேரிக்குள் இருக்கும் ஒரு சாஸ்தா. கல்யாணம் முடிந்தால் அங்கே பொங்கல் வைத்தே ஆகவேண்டும்.

"நாங்க வேன்ல முன்னால போயி, தாரு முடியுற எடத்துல எறங்கி நடந்து கோயிலுக்குப் போயிருதோம். நீங்க வண்டியில வாங்க. சாமி கும்பிட்டுட்டு அதுக்கு மேல எங்கன போனாலும் போங்க. சாஸ்தாவுக்குத் தெரிஞ்சு போனா எனக்குப் பயமில்ல" என்றார்.

அனுமதி கிடைத்துவிட்டது. இனி டயர் மட்டும்தான் பாக்கி.

3

டயர் கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். போகிற வழியில் கொண்டைக்குப் பூ வாங்கித் தந்தார். அதனால் கடைக்குள் நுழையும்போது நான் மிக நல்ல மனநிலையில்தான் இருந்தேன்.

கடைக்கார அண்ணாச்சி எனக்கு ஒரு ஸ்டூலைப் போட்டுவிட்டு, கலர் சோடா வரவழைத்துக் கொடுத்தார். அவரிடம் இரண்டு வகை டயர் இருந்தது. ஒன்றில் நீள நீளமாகக் கோடுகள் மட்டும் ஓடும். தார் ரோட்டுக்கு நல்லது. இன்னொன்று பட்டன் டயர். ரப்பர்க் கட்டைகள் முட்டி முட்டி நிற்கும், மணலையும் சகதியையும் கவ்வும்.

"ரெண்டு சக்கரத்துக்கும் பட்டனே போடுங்க அண்ணாச்சி" என்றார் இவர்.

"தம்பி, மணலுக்கு அது சரி. தார் ரோட்டுல முன் சக்கரத்துல பட்டன் கிடந்தா வண்டி நடுங்கிக்கிட்டே வரும். திருப்பத்துல வண்டியைச் சாச்சா வழுக்கும். புதுப்பொண்ணை வச்சுக்கிட்டுப் போறிய."

"அப்ப ரெண்டும் கோடு போட்டா தேரிக்குள்ள பின் சக்கரம் நின்ன எடத்துலயே சுத்துமே."

இப்படியே மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கலர் தீர்ந்துவிட்டது. எனக்கோ வேறு வேலையில்லை. வாய் சும்மா இருக்காமல் சொல்லிவிட்டேன்:

"எங்க அப்பா டிராக்டர்ல முன் சக்கரம் ரெண்டும் கோடு. பின் சக்கரம்தான் கட்டை கட்டையா இருக்கும். முன்னால உள்ளது திரும்புததுக்கு, பின்னால உள்ளது தள்ளுததுக்குன்னு அப்பா சொல்லுவாவ. இதுக்கும் அப்பிடிப் போட்டா என்ன?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"தம்பி, ஒமக்கு இனிமே கவலையில்ல. வீட்டுலயே மெக்கானிக் வந்தாச்சு."

பக்கத்தில் நின்ற இரண்டு லாரி டிரைவர்களும் சிரித்தார்கள். இவருக்கு முகம் கறுத்துவிட்டது. துறைமுகத்தில் ஆகாயத்தை முட்டும் கிரேனைக் கழற்றி மாட்டுகிறவர்; அவரிடம் போய் டிராக்டர் உதாரணம்.

"மோட்டார் சைக்கிளு டிராக்டர் இல்ல" என்றார் என்னைப் பார்க்காமல். "சரி அண்ணாச்சி, அவ சொன்னபடியே போடுங்க. முன்னால கோடு, பின்னால பட்டன். நாளைக்கு மணல்ல மாட்டுனா அவளே எறங்கித் தள்ளட்டும்."

"தள்ளுதேன்" என்றேன் நான்.

அதோடு பேச்சு நின்றது. வீட்டுக்குத் திரும்பும்போது பூக்காரி, "என்னம்மா, இன்னும் ஒரு மொழம் தரட்டா?" என்று கேட்டாள். இவர் வண்டியை நிறுத்தவில்லை.

4

இப்போது பஹ்ரைனுக்கு வருகிறேன். எங்கள் வண்டியின் சக்கர அளவுக்கு இங்கே டயர் கிடைக்கவில்லை. பம்பாயில் இருக்கும் ஒரு நண்பர் மூலமாக விமானச் சரக்கில் வரவழைத்தார். வந்து இறங்கிவிட்டதாகத் தகவல் வந்தது. சுங்க அலுவலகம் திறந்திருக்கும் நேரத்தில் அவருக்கு வேலை. நான்தான் போகவேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து கோமதியை அழைத்துக்கொண்டு அப்படியே போனேன்.

என் அரபி, காய்கறிக் கடை அரபி. நல்ல தக்காளி, கெட்ட தக்காளி, விலையைக் குறை, இறைவன் உங்களுக்கு அருள் புரியட்டும் என்ற அளவில் நின்றுவிடும். ஆனாலும் தைரியத்துக்குக் குறைவில்லை. முதல் மேஜையில் இருந்த அதிகாரியிடம் சலாம் சொல்லி, என் கணவருக்கு இந்தியாவிலிருந்து இரண்டு டயர் வந்திருக்கிறது என்றேன்.

அவர் மரியாதையாகக் கேட்டார்: "உயிரோடு இருக்கிறதா?"

எனக்குச் சரியாகப் புரிந்ததா என்று சந்தேகம். ஒருவேளை நல்ல நிலையில் இருக்கிறதா என்பதை இந்த ஊரில் இப்படிக் கேட்பார்கள் போலும் என்று நினைத்து, "ஆமாம், புதுசு" என்றேன்.

"புதுசா? அப்படியென்றால் குஞ்சா?"

இந்தச் சொல் எனக்குத் தெரியாது. தலையை ஆட்டினேன். அவர் ஒரு சீட்டு எழுதி, வராந்தாவின் கடைசி அறைக்குப் போகச் சொன்னார். அங்கே வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். சுவரில் ஒட்டகம், ஆடு, கோழிப் படங்கள். டயருக்கும் ஒட்டகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு லேசாக உறைக்க ஆரம்பித்தது. ஆனால் இந்த ஊர் அலுவலகங்களில் ஒரு அறைக்கு அனுப்பினால் போய்விடவேண்டும். ஏன் என்று கேட்டால் இன்னும் இரண்டு அறைகள் சேரும்.

கோட்டுக்காரர் சீட்டைப் படித்துவிட்டு, "இரண்டும் ஒரே வகையா?" என்று கேட்டார்.

"இல்லை. ஒன்று முன்னால் போவதற்கு, ஒன்று பின்னால் போவதற்கு."

அவர் பேனாவை வைத்துவிட்டார். "வேட்டைக்கா?"

"பாலைவனத்துக்கு" என்றேன்.

"இறைச்சி சாப்பிடுமா?"

அந்த நேரம் பார்த்து என் பக்கத்திலிருந்து ஒரு சத்தம். கோமதி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பை அடக்கப் பார்க்கிறாள், முடியவில்லை. அந்த மனிதரிடம் மடமடவென்று அரபியில் ஏதோ சொன்னாள். இரண்டு கையாலும் காற்றில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினாள். பிறகு கைகளைச் சிறகு மாதிரி அடித்து, தலையை இல்லை என்று ஆட்டினாள். அவர் ஒரு கணம் திகைத்து, பிறகு நாற்காலியிலேயே சாய்ந்து சிரித்தார். பக்கத்து அறைக்காரரைக் கூப்பிட்டு அவருக்கும் சொன்னார். முதல் மேஜை அதிகாரியும் வந்து சேர்ந்தார்.

"மம்மி, நீ சொல்றது பேர்ட்" என்றாள் கோமதி. "தைர்னா பறவை. டயருக்கு இங்க தாயர்னு இழுத்துச் சொல்லணும். அவங்க உன்கிட்ட ராஜாளி இருக்குன்னு நினைச்சுட்டாங்க."

நானும் சிரித்தேன். ஆனால் உண்மையைச் சொன்னால், கொஞ்சம் தாமதமாகத்தான் சிரித்தேன். மூன்று பெரிய மனிதர்களும் என் மகளும் சேர்ந்து ஒரு வேடிக்கையை ரசித்துக்கொண்டிருக்கிறார்கள். அது என்னைப் பற்றியது. அந்தப் பேச்சு எனக்குப் புரியவில்லை. நான் பாலூட்டிய பிள்ளை வேறொரு வீட்டின் முற்றத்தில் நின்று என்னை எட்டிப் பார்ப்பது மாதிரி இருந்தது. அந்த வீட்டில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறாள். அதுதான் சுருக்கென்றது.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அவர்கள் எங்களை வரிசையில் நிற்க விடவில்லை. கோட்டுக்காரரே எங்களோடு நடந்து வந்து, சரக்கு அறையைத் திறக்கச் சொல்லி, இரண்டு டயர்களையும் டாக்ஸியில் ஏற்றிவிட்டார். வழியனுப்பும்போது டயரைத் தட்டிக்கொடுத்து, "ஆரோக்கியமாக இருக்கிறது" என்றார். இதை அவர் மெதுவாக, காய்கறிக் கடை அரபியில் சொன்னதால் எனக்கே புரிந்தது.

5

மறுபடியும் தூத்துக்குடி. டயர் வாங்கிய மறுநாள் காலையில் கிளம்பினோம். அவர் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஆனால் வண்டி நன்றாகப் பேசியது. முக்காணிப் பாலம், ஆற்றுத் தண்ணீர், ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால் எல்லாம் பறந்து பின்னால் போயின. ஆறுமுகநேரி உப்பளத்தில் குவித்திருந்த உப்பு வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. காயல்பட்டினத் திருப்பங்களில் வண்டி தண்ணீரில் போகும் படகு மாதிரி வளைந்து நிமிர்ந்தது. முன்னால் கோடு டயர் போட்டதன் பலன் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

திருச்செந்தூர் தாண்டி, தார் முடிந்தது. அத்தை வந்த வேன் ஒரு பனைமரத்தடியில் காலியாக நின்றது. அவர்கள் நடந்து உள்ளே போயிருந்தார்கள்.

செம்மணலில் நுழைந்தோம். கொஞ்ச தூரத்திலேயே கோடு டயர் தன் குணத்தைக் காட்டியது. கத்தி வெண்ணெய்க்குள் இறங்குவது மாதிரி முன் சக்கரம் மணலுக்குள் இறங்கியது. வண்டி இடமும் வலமுமாக ஆடி, ஒரு மேட்டின் அடியில் நின்றுவிட்டது. இவர் இன்ஜினை அணைத்தார். காற்றுச் சத்தம் மட்டும். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்தின் பின்பக்கத்திலேயே "பார்த்தாயா" என்று எழுதியிருந்தது.

நான் இறங்கினேன். பட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பின்னால் போய்க் குனிந்து தள்ள ஆரம்பித்தேன். ஊரே கேட்க, தள்ளுகிறேன் என்று சொன்னவள் அல்லவா. அவர் வண்டியை மறுபடியும் கிளப்பினார். பின் சக்கரம் சுற்றி என் முகத்திலும் பூவிலும் சேலையிலும் மணலை வாரியடித்தது. நான் இருமினேன்.

அவர் சட்டென்று திரும்பினார். என் கோலத்தைப் பார்த்ததும் முகம் மாறியது. இறங்கி வந்து, தோளிலிருந்த துண்டை எடுத்து என் முகத்தைத் துடைத்தார். "கோவத்துல ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அதுக்காகத் தள்ளுவியா?" என்றார்.

"சொன்னா சொன்னதுதான்."

"உன்னால ஆகாது, நான் தள்ளுதேன். ஆனா யாராவது மேல உக்காந்து ஆக்சிலேட்டரைப் பிடிக்கணும்."

அந்தத் தேரிக்குள் யாராவது என்றால் நான்தான். எனக்குச் சைக்கிள் தெரியும். வயலில் அப்பாவின் டிராக்டரையும் ஓட்டியிருக்கிறேன். கிளட்ச் என்பது என்ன, மெதுவாக விடவேண்டும் என்பதெல்லாம் தெரியும். டிராக்டரில் அது காலில் இருக்கும், இதில் கையில். அவர் காட்டித் தந்தார். நான் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தேன். அவர் பின்னால் போய்த் தோள் கொடுத்தார்.

"இப்ப மெதுவா விடு" என்றார்.

விட்டேன். வண்டி முக்கியது, முனகியது, பிறகு திடீரென்று பிடி கிடைத்ததுபோல் மணலைக் கவ்விக்கொண்டு மேட்டில் ஏறியது. ஏறியது, ஏறிக்கொண்டே இருந்தது. அவர் தோள் வண்டியிலிருந்து விலகியதை உணர்ந்தேன். "நிப்பாட்டு, நிப்பாட்டு" என்று பின்னால் குரல் கேட்டது. நிறுத்துவது எப்படி என்று அவர் சொல்லித் தரவில்லை. கையைத் தளர்த்தினால் விழுந்துவிடுவேனோ என்று பயந்து இன்னும் இறுக்கிப் பிடித்தேன். வண்டி இன்னும் வேகமாகப் போனது.

உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன். மேட்டின் உச்சியைத் தாண்டி மறுபக்கம் இறங்கும்போது பயம் போய்விட்டது. சிவப்பு மணல் இரண்டு பக்கமும் அலையாக எழும்பி விழுந்தது. என் வாழ்நாளில் நான் அப்படி ஒரு சத்தம் போட்டுச் சிரித்ததில்லை.

கீழே பள்ளத்தில் சாஸ்தா கோயில் தெரிந்தது. அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த அவர்கள் வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். கோயிலுக்கு முன்னால் மணல் ஆழமாகக் கிடந்தது. வண்டி அதில் புதைந்து, தானாக அணைந்து, ஸ்டாண்டே போடாமல் நட்டுவைத்தது மாதிரி நின்றது. நான் அதன் மேல் நேராக உட்கார்ந்திருந்தேன். தலையெல்லாம் மணல்.

பிறகு மேட்டின் மேல் இவர் தோன்றினார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சட்டை பறக்க ஓடி வந்தார்.

அத்தை என்னைப் பார்த்தார். ஓடி வரும் மகனைப் பார்த்தார். வந்து ஒரு வாரம்கூட ஆகாத மருமகள். குலதெய்வத்தின் முன்னால் இப்படி வந்து நிற்கிறேன். என்ன பேச்சு வாங்கப்போகிறேனோ.

"ஏலே ஆறுமுகம்" என்றார் அத்தை, குரல் உயர்த்தாமல். "வண்டியை அவகிட்ட குடுத்துட்டு நீ எதுக்குல ஓடியாற? பின்னால உக்காந்து வந்திருக்கலாம்லா?"

பிறகு என்னிடம் திரும்பி, "எறங்கு தாயி. பொங்கப் பானைக்குத் தண்ணி பத்தல. இதுலயே போயி ஒரு கொடம் எடுத்தாந்துருதியா?" என்று கேட்டார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. கண்ணில் மட்டும் கொஞ்சம் இருந்தது.

6

தண்ணீர் எடுக்கப் போக முடியவில்லை. பின் டயரில் காற்று இல்லை.

இவர் குனிந்து பார்த்தார். ரப்பர்க் கட்டைகளுக்கு நடுவே ஒரு உடைமுள் ஆழமாக ஏறியிருந்தது. சக்கரத்தைக் கழற்றி, ட்யூபை உருவி, மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நான் எதிரே உட்கார்ந்து பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் டப்பாவைப் பிடித்துக்கொண்டேன். ஒட்டிக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"முள்ளு மேட்டுக்கு அந்தப் பக்கமே ஏறியிருக்கணும். கொஞ்சம் கொஞ்சமாக் காத்து எறங்கியிருக்கு. டயரு மெத்துனு ஆயி, மணல் மேல அகலமா விரிஞ்சு நின்னிருக்கு. அதான் உனக்கு ஏறிருச்சு."

"அப்ப என் கோடும் இல்ல, உங்க பட்டனும் இல்ல. எல்லாம் காத்துதானா?"

"காத்துதான்" என்றார். "நாம ரெண்டு பேரும் வீணா சண்டை போட்டிருக்கோம்."

பொங்கல் பொங்கியது. சாப்பிட்டோம். புறப்படும்போது இரண்டு டயரிலும் காற்றைப் பாதிக்கு மேல் இறக்கினார். வண்டி ஒட்டகம் மாதிரி தளர்ந்து நின்றது. ஆனால் தேரியை விட்டு வெளியேறும் வரை ஒரு இடத்தில்கூடச் சிக்கவில்லை. தார் வந்ததும் பம்பை எடுத்து, மாறி மாறி அடித்தோம். அவர் அடிக்கும்போது நான் எண்ணுவேன், நான் அடிக்கும்போது அவர் எண்ணாமல் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார்.

வெயில் சாயும் நேரம் மணப்பாட்டுக் கடற்கரையில் ஈர மணலில் ஓட்டினோம். அலை வந்து போன மணல் சிமெண்ட் மாதிரி கெட்டியாக இருந்தது. மீன்பிடி வல்லங்கள் கரையேறிக்கொண்டிருந்தன. ஒரு இடத்தில் நிறுத்தி உட்கார்ந்தோம். அங்கேதான் அவர் சொன்னார்.

"துறைமுக வேலை இன்னும் ரெண்டு, மூணு வருசத்துல முடிஞ்சிரும். வெளிநாட்டுக்கு ஆள் எடுக்காங்க. போகலாம்னு ஒரு நெனப்பு."

என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த காயல்பட்டினத்து ஆமினாவை நினைத்துக்கொண்டேன். அவள் கணவர் கல்யாணம் முடிந்த கையோடு கப்பலேறிப் போனவர். அவளுக்கு அவர் முகத்தைவிடக் கையெழுத்துதான் நன்றாகத் தெரியும்.

"போங்க. ஆனா என்னையும் கூட்டிட்டுப் போற வேலையாப் பாருங்க."

"அப்பிடி வேலை கிடைக்கது கஷ்டம், வடிவு. தனி ஆளாத்தான் கூப்பிடுதான்."

"தனி ஆளாக் கூப்பிட்டா?"

கடலைப் பார்த்துக்கொண்டே ஈர மணலில் விரலால் ஏதோ கணக்குப் போட்டார். பிறகு அதைக் கையால் அழித்தார்.

"தனி ஆளாக் கூப்பிட்டா வேண்டாம்னுருதேன்" என்றார்.

சொன்னபடி செய்தார். முதலில் ஒன்று வந்தது, வேண்டாம் என்றார். பிறகு இன்னொன்று வந்தது, அதையும் விட்டார். ஊரில் அவரைப் பிழைக்கத் தெரியாதவன் என்றார்கள்; என் சித்தப்பா முகத்துக்கு நேராகவே சொன்னார். குடும்பத்தோடு விசா தருகிற இந்தக் கப்பல் பட்டறை வேலை வரும்வரை துறைமுகத்திலேயே கிரீஸும் கையுமாகக் கிடந்தார். இங்கே எங்கள் கட்டடத்தைச் சுற்றிலும் நம் ஊர்ப் பையன்கள் ஒரு அறைக்கு எட்டுப்பேர் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து ரசம் சாப்பிட்டுவிட்டு, கோமதியைச் சுற்றி உட்கார்ந்து அவள் பேசுவதையே கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஊரிலிருக்கும் தங்கள் பிள்ளைகளும் இப்போது இந்த உயரம்தான் இருக்கும் என்பார்கள்.

7

போன வெள்ளிக்கிழமை, கல்யாண நாளன்று போனோம். கோமதி வரமாட்டேன் என்றாள். பிறகு, பறவை டாக்டர் தட்டிக்கொடுத்த டயர் எப்படி ஓடுகிறது என்று பார்க்கமட்டும் வருகிறேன் என்றாள். எங்கள் இருவருக்கும் நடுவில், கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். நகரம் முடிந்தது, எண்ணெய்க் குழாய்கள் ஓடும் ரோடு வந்தது, அதுவும் முடிந்தது. மணல் தொடங்கும் இடத்தில் அவர் நிறுத்தி, இரண்டு சக்கரத்திலும் காற்றை இறக்கினார். இந்த ஊர் மணல் வெளுப்பு. சரளைக்கல் அதிகம். தேரியோடு ஒப்பிட்டால் அழகு கம்மி என்பேன். ஆனால் வானம் பெரியது.

ஒரு மேட்டில் ஏறி இறங்கினோம். கண்ணைத் திறந்துவிட்டாள். இன்னொரு மேடு. மூன்றாவது மேட்டில் என் மகள் தமிழில் கத்தினாள், "அப்பா, நிறுத்தாதீங்க." அவளுக்குப் பசிக்கவில்லை என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

நடுவில் ஒரு பாறை நிழலில் உட்கார்ந்து பிளாஸ்கைத் திறந்தோம். கோமதி கொஞ்சம் தள்ளிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் டயரில் விரல் அழுத்திப் பார்த்துக்கொண்டே, தேநீர் சூடாக இருக்கிறது என்று சொல்வது மாதிரி சொன்னார்:

"போன வாரம் ஆபீஸ்ல கூப்பிட்டு விட்டாங்க. கடலுக்குள்ள எண்ணெய் எடுக்க எடத்துல தலைமை மெக்கானிக் வேலை. பெரிய வேலை. வேற நாடு. குடும்பம் கொண்டுபோக முடியாது."

நான் தம்ளரைக் கீழே வைத்தேன்.

"என்ன சொன்னிய?"

"வேண்டாம்னுட்டேன்."

பெரிய வேலை என்று அவரே சொல்கிறார். அந்த மாதிரிப் பதவிக்கு அவர் எவ்வளவு ஆசைப்பட்டார் என்று எனக்குத் தெரியும். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?"

அவர் வால்வு மூடியை நிதானமாகத் திருகி மூடினார்.

"கேட்டிருப்பேன். நீ பெரிய மனசு பண்ணி, போயிட்டு வாங்கன்னு சொல்லிட்டா என்ன செய்யதுன்னு பயமா இருந்துச்சு" என்றார்.

நான் அவர் தம்ளரில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது ஹாரன் சத்தம் கேட்டது. கோமதி வண்டியில் ஏறி, முன்னால், அவருடைய இடத்தில் உட்கார்ந்துகொண்டு எங்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.